"எனக்கு அழைப்பு இருக்கா அண்ணா?"

மே மாதம் ஊட்டியில் டூரிஸ்ட் சீசன் என்றால், எங்கள் சபைகளுக்கு அது கன்வென்ஷன் சீசன். மூன்று நாள் கூட்டம் நடக்கும். கடைசி இரவு, "முழுநேர ஊழியத்துக்கு ஒப்புக்கொடுக்கிறவங்க முன்னால வாங்க" என்பார்கள், கீபோர்டு மெதுவாக ஓடிக்கொண்டிருக்கும், பத்துப் பதினைந்து பிள்ளைகள் அழுதுகொண்டே எழுந்து போவார்கள். அடுத்த வாரம் அவர்களில் ஒருவராவது என்னைத் தேடி வருவது வழக்கமாகிவிட்டது. நான் பாஸ்டர் இல்லை. கேத்தி பாலாடாவிலிருந்து மேட்டுப்பாளையம் மண்டிக்குக் கேரட் ஏற்றிப்போகிற பிக்கப் ஓட்டுகிறேன். சி.எஸ்.ஐ. சபையில் கமிட்டியில் ஒரு நாற்காலி, வாலிபர் கூட்டத்துக்கு டீ போடுகிற பொறுப்பு, அவ்வளவுதான். ஆனால் பத்தொன்பது வயதில் இதே மாதிரி எழுந்து முன்னால் போய், சமவெளியில் ஒரு வேதாகமக் கல்லூரியில் சேர்ந்து, ஒரே வருடத்தில் பெட்டியோடு திரும்பி வந்தவன் இவன் என்று ஊருக்குத் தெரியும். அதனால்தான் என்னிடம் வருகிறார்கள் என்று நினைக்கிறேன். மாட்டிக்கொண்டவனிடம் கேட்டால் உண்மை கிடைக்கும் என்ற கணக்கு.

இந்த வருடம் வந்த தம்பி அதிகாலை நாலு மணிக்குக் கேரட் கழுவும் மெஷின் பக்கத்தில் வந்து நின்றான். கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கிறான். "அண்ணா, காலேஜை விட்டுடறேன், எனக்கு அழைப்பு வந்துடுச்சு." மெஷின் சத்தத்தில் பாதி கேட்டது, பாதி கேட்கவில்லை. லோடு ஏற்றும்வரை இருக்கச்சொல்லி, பிறகு பர்லியாறு டீக்கடைவரை வண்டியில் கூட்டிப்போய்ப் பேசினேன். அவனிடம் சொன்னதையும், சொல்ல மறந்ததையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். அடுத்த மே மாதம் வருகிறவர்களுக்கும் உதவும்.

முதலில், அந்தச் சொல்லை நாம் ரொம்பச் சின்னதாக்கி வைத்திருக்கிறோம். எங்கள் பக்கம் ‘அழைப்பு’ என்றால் வெள்ளை அங்கி, மேடை, மைக். என் அம்மா வழி ஆட்கள் கத்தோலிக்கர்கள், காந்தல் குருசடிப் பக்கம், அவர்கள் ‘இறையழைத்தல்’ என்பார்கள், அங்கேயும் சாமியாராகவோ சிஸ்டராகவோ போகிறவர்களுக்குத்தான் அந்தச் சொல். ஆனால் வேதத்தில் முதல் அழைப்பு எல்லாருக்கும் ஒன்றே: என்னிடம் வா, என் பின்னே வா. புதிய ஏற்பாட்டில் சபைக்கு இருக்கிற எக்லேசியா என்ற கிரேக்கச் சொல்லுக்குள்ளேயே ‘அழை’ என்கிற வேர் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கடைசி பெஞ்சில் தூங்குகிற தாத்தாவும் அழைக்கப்பட்டவர்தான். சபைச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர் 16-ம் நூற்றாண்டில் இதைத்தான் உரக்கச் சொன்னார். துறவிகளுக்கு என்று ஒதுக்கி வைத்திருந்த அழைப்பு, செருப்புத் தைக்கிறவருக்கும் பிள்ளை வளர்க்கிறவளுக்கும் உண்டு என்றார். ஜெர்மனில் இன்றைக்கும் தொழிலுக்கு ‘பெரூஃப்’ என்கிறார்கள், அது ‘அழை’ என்ற வேரில் வந்த சொல். கத்தோலிக்கத் திருச்சபையும் இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில், 1964-ல் வெளியிட்ட ஏட்டில், தூய வாழ்வுக்கான அழைப்பு எல்லாருக்கும் உண்டு என்று ஓர் அதிகாரமே எழுதியது. 2022-ல் புனிதராக அறிவிக்கப்பட்ட தேவசகாயம் பிள்ளை குருவானவர் அல்ல, கல்யாணமானவர், திருவிதாங்கூர் அரண்மனை ஊழியர்.

இதை முதலில் சொல்லக் காரணம் இருக்கிறது. ‘எனக்கு அழைப்பு இருக்கா?’ என்று கேட்கிற பிள்ளை பயந்துபோய்க் கேட்கிறான், இல்லை என்றால் கடவுள் தன்னை ஒதுக்கிவிட்டார் என்று நினைக்கிறான். அந்தப் பயத்தோடு எடுக்கிற எந்த முடிவும் கோணலாகத்தான் வரும். அழைப்பு உனக்கு ஏற்கெனவே இருக்கிறது தம்பி. எந்த வேலையில், எந்த ஊரில், எந்த உடுப்பில் என்பதுதான் இனிமேல் பார்க்கவேண்டியது, அதை நிதானமாகப் பார்க்கலாம்.

உறைபனி விழும்வரை எதையும் விடாதே

மே மாதத்தில் தீர்மானம் எடுத்தாயா, சரி. டிசம்பரில் புல் வெள்ளையாகிறவரை கல்லூரியை விடாதே, வேலையை விடாதே, பேஸ்புக்கில் போடாதே, முக்கியமாக யாரிடமும் நன்கொடை கேட்காதே. ஏழு மாதம். உண்மையான அழைப்பு ஏழு மாதத்தில் ஆவியாகிப் போகாது. மோசே மீதியானில் மாமனாரின் ஆடுகளை மேய்த்துக்கொண்டு எத்தனை வருடம் இருந்தார் என்று அப்போஸ்தலர் புத்தகத்தில் போய்ப் பார், நாற்பது என்று போட்டிருக்கும்.

நான் காத்திருக்கவில்லை. கூட்டம் முடிந்த இருபதாவது நாள் பஸ் ஏறிவிட்டேன். அப்பாவிடம் சொன்ன காரணம் ஆண்டவர். உண்மையான காரணங்களைப் பல வருடம் கழித்துத்தான் என்னால் எண்ண முடிந்தது: இரண்டு பேப்பர் அரியர், அந்த வருடம் கேரட் விலை விழுந்து வீட்டில் தினமும் சண்டை, குத்தகை நிலத்தில் அப்பாவோடு குனிந்து நிற்கப் பிடிக்கவில்லை, அப்புறம் மேடையில் பேசிய அந்தப் பிரசங்கியாரின் கோட்டு. ஆமாம், கோட்டு. சாம்பல் நிறம். ஆண்டவர் அதில் எங்கேயுமே இல்லை என்று சொல்லமாட்டேன், இருந்தார், ஆனால் பக்கத்தில் இத்தனை பேர் நின்று கத்தும்போது அவர் குரல் எது என்று பத்தொன்பது வயதில் எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை.

அதைப் பிரிக்க ஒரு வழி இருக்கிறது. சொல்லிக்கொடுத்தவர் என் மாமா. கொடைக்கானலுக்குப் பக்கத்தில் செண்பகனூரில், 1895-ல் தொடங்கிய சேசு சபை (ஜெசூட் துறவிகள்) கல்லூரியில் ரொம்ப காலம் சமையல் வேலை பார்த்தவர். சாமியார் ஆகப் படிக்க வந்த பையன்களுக்கு மூன்று வேளையும் சோறு போட்டவர், யார் தங்குவான், யார் கிளம்பிப்போவான் என்று பந்தியில் உட்காருவதைப் பார்த்தே சொல்லிவிடுவேன் என்பார். (பாதிதான் சரியாக இருக்கும் என்று அத்தை சொல்வார்.) அவர் சொன்னது சேசு சபையை நிறுவிய இஞ்ஞாசியார் கதை. 1521-ல் பம்ப்ளோனாவில் சண்டையில் பீரங்கிக் குண்டு பட்டுக் கால் உடைந்து, வீட்டில் மாதக்கணக்கில் படுத்துக் கிடந்தார். படிக்க வீரர் கதைகள் கேட்டால் வீட்டில் இல்லை. இருந்தது கிறிஸ்துவின் வாழ்க்கையும் புனிதர்களின் வாழ்க்கையும்தான். படுத்தபடியே பகற்கனவு காண்பார். ஒரு சீமாட்டிக்காக வீரசாகசம் செய்வதாக ஒரு கனவு, புனிதர்களைப் போல வெறுங்காலோடு எருசலேமுக்கு நடப்பதாக இன்னொரு கனவு. இரண்டுமே நினைக்கும்போது இனித்தன. வித்தியாசம் பிறகுதான் தெரிந்தது: முதல் கனவு முடிந்ததும் மனசு வறண்டுபோகும், இரண்டாவது முடிந்த பிறகும் நிறைவு தங்கும்.

இதை நீ செய்யலாம். ஒரு ரூபாய் செலவில்லை, ஒரு பழைய நோட்டு போதும். ராத்திரி படுக்கும்முன் மூன்று வரி. ஊழியத்துக்குப் போகிற நினைப்பு இன்றைக்கு எப்போது வந்தது. அதற்குச் சற்று முன்னால் என்ன நடந்தது. நேற்று வந்த நினைப்பில் இன்றைக்கு வேலைக்கு நடுவில் எவ்வளவு மிச்சம் இருந்தது. இந்த மூன்றாவது வரியை ஏமாற்றாமல் எழுது. பாட்டும் கீபோர்டும் ஓடும்போது எல்லாருக்கும் போகத் தோன்றும். பாத்திரம் கழுவும்போது, 11 மணி வெயிலில் கொழுந்து பறித்து முதுகு வலிக்கும்போது, பஸ்ஸில் இடம் கிடைக்காமல் தொங்கும்போது அதே நினைப்பு அமைதியாக இருக்கிறதா? அதை எழுது. நான் அன்றைக்கு இந்த நோட்டு வைத்திருந்தால், அப்பாவிடம் திட்டு வாங்கிய நாட்களில் மட்டுமே எனக்கு ‘அழைப்பு’ பலமாக வந்திருக்கிறது என்று ஒரே மாதத்தில் தெரிந்திருக்கும்.

இஞ்ஞாசியாரிடம் இன்னொரு விதியும் உண்டு, இதை மட்டும் சுவரில் ஒட்டிவைக்கலாம்: மனம் வறண்டு, இருண்டு கிடக்கும் நேரத்தில் முன்பு தெளிவாக எடுத்த முடிவை மாற்றாதே. போவது என்றாலும் சரி, திரும்புவது என்றாலும் சரி, அந்த நேரத்தில் வேண்டாம். ஒன்று கவனி: 1521-ல் திருந்திய மனிதர் குருவானவராகத் திருநிலைப்பட்டது 1537-ல். நடுவில் முப்பது வயதைத் தாண்டிய ஆள் சின்னப் பையன்களோடு உட்கார்ந்து லத்தீன் இலக்கணம் படித்தார்.

உனக்கு ஒரு ஏலி வேண்டும்

சாமுவேல் கதை ஞாயிறு பள்ளியில் எல்லாரும் நடித்திருப்போம். ராத்திரியில் கடவுள் கூப்பிடுகிறார், பையன் எழுந்து, தன்னை வளர்க்கிற ஆசாரியர் ஏலியிடம் ஓடுகிறான், மூன்று தடவை. நான் சின்ன வயதில் ஏலியாக நடித்தவன், போர்வையைப் போர்த்திக்கொண்டு "நான் கூப்பிடலப்பா, போய்ப் படு" என்பதுதான் வசனம். பெரியவனான பிறகுதான் அதிலிருக்கிற விஷயம் பிடிபட்டது. கூப்பிட்டது கடவுளே, கேட்ட காதும் சுத்தமான காது, அப்படியும் மூன்று தடவை தப்பான ஆளிடம் போய் நின்றான். உண்மையான அழைப்பையும் தப்பாகக் கேட்க முடியும். அதை அடையாளம் கண்டு சொன்னவர் கண்பார்வை மங்கிய, சொந்தப் பிள்ளைகளை அடக்க முடியாத ஒரு வயசாளி. பெரிய பரிசுத்தவான் கிடைத்தால்தான் ஆலோசனை கேட்பேன் என்று இருக்காதே.

ஏலியைத் தேர்ந்தெடுக்க எனக்குத் தெரிந்த ஒரே அளவுகோல்: நீ ‘சரி’ என்று சொன்னால் அவருக்கு லாபம் இருக்கக்கூடாது. உன்னைத் தன் குழுவில் சேர்க்கப்பார்க்கிறவர், தன் கல்லூரிக்கு ஆள் தேடுகிறவர், தன் மகன் ஊழியக்காரன் என்று சொல்லிக்கொள்ள ஆசைப்படுகிற அம்மா, இவர்களெல்லாம் நல்லவர்களாகவே இருக்கலாம், ஆனால் ஏலி வேலைக்கு ஆகமாட்டார்கள். உன் முகத்துக்கு நேராக ‘இப்போ வேண்டாம்பா’ என்று சொல்லக்கூடியவரைப் பிடி. எனக்கு அப்படி ஒரு டீச்சரம்மா இருந்தார். ஞாயிறு பள்ளியில் சொல்லிக்கொடுத்தவர். நான் கிளம்பும்முன் அவரைப் பார்க்காமல் போனேன், வேண்டுமென்றேதான், அவர் என்ன சொல்வார் என்று தெரியும்.

சாமுவேலுக்கு முதல் செய்தியாக என்ன கிடைத்தது தெரியுமா? ஏலியின் வீட்டின்மேல் தீர்ப்பு. வளர்த்தவரிடமே காலையில் போய் அதைச் சொல்லவேண்டியிருந்தது, பையன் பயந்தான். அழைப்பு என்றாலே பெருமை, மாலை, சால்வை என்று நினைத்துக்கொண்டிருந்தால் அந்த அதிகாரத்தைக் கடைசிவரை படி. ஞாயிறு பள்ளி நாடகத்தில் அந்தப் பாதியை நாங்கள் போடுவதே இல்லை.

அடையாளம் கேட்பது பற்றி ஒரு வார்த்தை. வேதத்தில் கிதியோன் ஆட்டுத்தோலை ராத்திரி வெளியே போட்டு, பனியில் தோல் மட்டும் நனைந்து தரை காய்ந்திருந்தால் நம்புகிறேன் என்றானே, அதைப் பார்த்து நம் பிள்ளைகளும் ஆரம்பித்துவிடுகிறார்கள். ‘நாளைக்குள் போன் வந்தால் அழைப்பு.’ ‘கண்ணை மூடிப் பைபிளைத் திறந்தால் வருகிற வசனம்.’ புது வருட ஆராதனையில் எடுத்த வாக்குத்தத்த அட்டை. நம் ஊரில் தோலை வெளியே போட்டால் வருடத்தில் முக்கால்வாசி நாள் தோலும் நனையும், தரையும் நனையும், டிசம்பர் என்றால் இரண்டும் உறைந்துபோகும், என்ன அர்த்தம் எடுப்பாய்? கிதியோனுக்கு ஏற்கெனவே தெளிவாகச் சொல்லியாகிவிட்டது. தோல் அவன் நம்பாமையால் வந்தது, கடவுள் பொறுத்துக்கொண்டார். பொறுத்துக்கொண்டதை நாம் முறையாக்கக் கூடாது. பயம் வருகிறதா, அது அழைப்பு இல்லை என்பதற்கு அடையாளம் இல்லை. மோசே திக்குவாய் என்றார், எரேமியா சிறுபிள்ளை என்றார், யோனா நேர் எதிர்ப்பக்கம் கப்பல் ஏறினார். எழுந்து முன்னால் போகத் துடிக்கிறதா, அதுவும் அடையாளம் இல்லை.

குரல் வராமலும் அழைப்பு வரும்

கொடைக்கானலில் 1960-ல் இறந்துபோன ஐடா ஸ்கடரை நினைத்துக்கொள். வேலூர் சி.எம்.சி. அவர் தொடங்கியது. 1870-ல் ராணிப்பேட்டையில், மிஷனரி டாக்டர்கள் குடும்பத்தில் பிறந்தவர். சின்ன வயதில் பஞ்சத்தைப் பார்த்து வளர்ந்தவர், இந்த ஊரே வேண்டாம், மிஷனரியாகவே ஆகமாட்டேன் என்று அமெரிக்காவில் இருக்க நினைத்த பெண். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று திண்டிவனத்துக்கு வந்தார், கொஞ்ச நாள் இருந்துவிட்டுப் போகத்தான். ஒரு ராத்திரி ஒருவர் கதவைத் தட்டினார். மனைவிக்குப் பிரசவம் சிக்கலாகிவிட்டது, வாருங்கள் என்றார். நான் டாக்டர் இல்லை, அப்பாதான் டாக்டர் என்றார் ஐடா. ஆண் டாக்டரை அழைத்துப்போக அவர் சம்மதிக்கவில்லை. அதே ராத்திரி இன்னொருவர். பிறகு மூன்றாமவர். மூவருமே அப்பாவை வேண்டாம் என்றார்கள். விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்திருந்தார்கள்.

வானத்திலிருந்து குரல் வரவில்லை, வசனம் வரவில்லை, கதவு தட்டும் சத்தம்தான் வந்தது. ஆனால் அவர் அடுத்த நாளே மேடை ஏறி சாட்சி சொல்லிக்கொண்டிருக்கவில்லை. அமெரிக்கா திரும்பி, மருத்துவம் படித்து, 1899-ல் பட்டம் வாங்கி, 1900-ல் வேலூருக்கு வந்து ஒரே ஒரு கட்டிலோடு ஆரம்பித்தார். 1918-ல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி. அந்த ஒரு ராத்திரிக்குப் பின்னால் எலும்புகளின் பெயரை மனப்பாடம் செய்த எத்தனையோ ராத்திரிகள் இருந்திருக்கும். அழைப்பு வந்ததும் படிப்பை விடுகிறேன் என்று சொல்கிறவர்களிடம் நான் முதலில் இந்தக் கதையைத்தான் சொல்வேன். அவருக்கு அழைப்பு வந்ததால்தான் படிப்பே தொடங்கியது.

இதிலும் ஒரு எச்சரிக்கை வேண்டும். பார்க்கிற தேவை எல்லாம் உன் அழைப்பு ஆகிவிடாது, அப்படி நினைத்தால் ஒரு வருடத்தில் பைத்தியம் பிடித்துவிடும். தேவை தெரியவேண்டும், உன் கையால் ஆகவேண்டும் (அல்லது படித்தால் ஆகும் என்றிருக்கவேண்டும்), உன்னைத் தெரிந்தவர்கள் ‘ஆமாம், இவனால் முடியும்’ என்று சொல்லவேண்டும். ஐடாவுக்கு மூன்றும் பொருந்தின. என்னிடம் அன்றைக்கு ஒன்றுகூட இல்லை, கோட்டு மேல் ஆசைதான் இருந்தது.

வீடும் கடனும்

எலிசா பன்னிரண்டு ஏர் மாடு பூட்டி உழுதுகொண்டிருந்தபோது எலியா வந்து சால்வையைப் போட்டார். எலிசா அப்பா அம்மாவை முத்தமிட்டு வருகிறேன் என்றான், மாட்டை அடித்து, ஏர் மரத்தை விறகாக்கிச் சமைத்து, ஜனங்களுக்குப் போட்டுவிட்டுப் போனான். நல்ல கதை. பிரசங்கியார்கள் அந்த நெருப்பை நன்றாக வர்ணிப்பார்கள். ஆனால் அந்த ஏர் அவன் வீட்டு ஏர். உன் வீட்டு ஏர் கூட்டுறவு சங்கக் கடனில் வாங்கியதா, அக்கா கல்யாணத்துக்கு வைத்த நகை அடகில் இருக்கிறதா, கல்விக் கடனுக்கு அப்பா கையெழுத்துப் போட்டிருக்கிறாரா, முதலில் அதை ஒரு தாளில் எழுது. கோபுரம் கட்ட நினைக்கிறவன் உட்கார்ந்து கணக்குப் பார்க்கவேண்டும் என்று சொன்னது இயேசுவேதான். கணக்குப் பார்ப்பதை விசுவாசக்குறைவு என்று யாராவது சொன்னால், லூக்கா 14-ஐக் காட்டிவிட்டு வேறு வேலையைப் பார்.

இதைவிட எனக்குப் பிடித்த ஒருவர் மாற்கு ஐந்தாம் அதிகாரத்தில் இருக்கிறார். கல்லறைகளுக்கு நடுவில் சங்கிலியை உடைத்துக்கொண்டு அலைந்த மனிதர். குணமானதும், படகில் ஏறுகிற இயேசுவிடம் நானும் வருகிறேன் என்று கெஞ்சுகிறார். இயேசு சம்மதிக்கவில்லை, உன் வீட்டுக்குப் போ, உன்னவர்களிடம் சொல் என்று அனுப்பிவிடுகிறார். எத்தனையோ பேரை ‘வா’ என்றவர் இவரை ‘போ’ என்றார். வருகிறேன் என்று கேட்டு, வீட்டுக்கு அனுப்பப்பட்டதும் ஓர் அழைப்பு. கன்வென்ஷனில் இந்த வசனத்தை வைத்து யாரும் அழைப்புக் கொடுத்து நான் பார்த்ததில்லை.

ஆனால் ‘இருக்கிற இடத்திலேயே இரு’ என்பதை ஆயுதமாக எடுக்கிறவர்களும் உண்டு, அவர்களிடமும் ஜாக்கிரதை. பவுல் கொரிந்தியருக்கு எழுதியது: அவனவன் அழைக்கப்பட்ட நிலையிலே நிலைத்திருக்கட்டும். என் தாத்தா இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு குடும்பத்தோடு கப்பலேறி மலைக்கு வந்து, இங்கேயும் தேயிலைத் தோட்டத்திலேயே வேலைக்குச் சேர்ந்தவர். ‘கடவுள் வைத்த இடத்தில் அடங்கி இரு’ என்ற பேச்சை இரண்டு நாட்டிலும் கேட்டிருக்கிறார், இரண்டிலும் சொன்னவர் மேலே நின்றவர்தான். பவுல் அடுத்த வசனத்திலேயே சொல்கிறார், விடுதலையாக முடிந்தால் அதைத் தேடிக்கொள் என்று. அந்த அடுத்த வசனத்தை யாரும் தாத்தாவுக்கு வாசித்துக் காட்டவில்லை. அடிக்கிற புருஷனிடம், கூலி தராத முதலாளியிடம், சாதி பார்க்கிற ஊரிடம் ‘இதுதான் உன் அழைப்பு’ என்று ஒரு பெண்ணைத் திருப்பி அனுப்புகிறவன் ஊழியக்காரனாக இருந்தாலும் அவன் பேச்சைக் கேட்காதே.

சரி, ஏழு மாதம் கழித்தும் நினைப்பு போகவில்லை

நோட்டு நிறைந்துவிட்டது, ஏலியும் தலையாட்டிவிட்டார், அப்போது சபைக்குப் போ. அந்தியோகியாவில் பவுலையும் பர்னபாவையும் அனுப்பியது சபை கூடி உபவாசம் இருந்து, கைவைத்து. தனியாக யாரும் கிளம்பவில்லை. எங்கள் சி.எஸ்.ஐ.யில் குருத்துவத்துக்கு என்றால் உன் ஆயரிடம்தான் ஆரம்பம், சபைக் கமிட்டியின் சிபாரிசு, பிறகு மறைமாவட்டத்தில் நேர்காணல் (நீலகிரி கோயம்புத்தூர் மறைமாவட்டத்தில் வருகிறது), அப்புறம் மதுரை அரசரடியிலோ பெங்களூரிலோ இறையியல் கல்லூரி, பல வருடப் படிப்பு. டிகிரி இருந்தால்தான் வழி சுலபம், அதனால் அரியர் இருந்தால் முதலில் அதை முடி. பெண்பிள்ளைகள் ‘எங்களுக்கும் உண்டா அண்ணா?’ என்று தயங்கிக் கேட்கிறார்கள். உண்டு. சி.எஸ்.ஐ. பெண்களுக்குக் குருத்துவம் கொடுக்கிறது, 2013-ல் நந்தியால் மறைமாவட்டத்துக்குப் புஷ்பலலிதா பேராயராகவே ஆனார். அதனால் கமிட்டியில் யாராவது புருவத்தைத் தூக்கினால் அது அவர் புருவத்தின் பிரச்சினை.

கத்தோலிக்கப் பிள்ளைகள் உங்கள் பங்கு சாமியாரிடமோ, ஊட்டி மறைமாவட்டத்தில் இறையழைத்தலைக் கவனிக்கிற சாமியாரிடமோ பேசுங்கள். சிஸ்டராகவோ பிரதராகவோ சபைகளில் சேருகிறவர்களுக்குத் திருச்சபைச் சட்டமே படிகளை வைத்திருக்கிறது. நவசந்நியாசம் என்கிற ஆரம்பப் பயிற்சி குறைந்தது பன்னிரண்டு மாதம், அதற்குப் பிறகு தற்காலிக வார்த்தைப்பாடு (துறவற வாக்குறுதி) குறைந்தது மூன்று வருடம், அதற்கப்புறம்தான் நிரந்தரம். குருப்பட்டத்துக்கு 25 வயது ஆகியிருக்கவேண்டும். என் பெரியம்மா மகள் ஒருத்தி சிஸ்டராக இருக்கிறாள், அவள் சொல்வது: "எங்களுக்கு ஒவ்வொரு படியிலும் கதவு இரண்டு பக்கமும் திறந்திருக்கும்." இரண்டாயிரம் வருட அனுபவம் உள்ள திருச்சபையே ஒரு ராத்திரி அழுகையை நம்பிக் கையெழுத்து வாங்குவதில்லை. மூன்று மாதத்தில் ‘ரெவரெண்ட்’ என்று சர்டிபிகேட் தருகிறேன் என்கிறவரிடம், முன்பணம் கேட்கிறவரிடம், வீட்டுக்குச் சொல்லாமல் வா என்கிறவரிடம் ஒரு டீகூட வாங்கிக் குடிக்காதே.

போய்விட்டுத் திரும்பி வந்தவர்களுக்கும் கொஞ்சம் எழுதவேண்டும், ஏனென்றால் அவர்களுக்கு யாரும் எழுதுவதில்லை. நான் திரும்பி வந்த வாரம், கலப்பையில் கைவைத்துப் பின்னிட்டுப் பார்க்கிறவன் தேவனுடைய ராஜ்யத்துக்குத் தகுதியில்லாதவன் என்ற வசனத்தை மூன்று பேர் மூன்று விதமாக என்னிடம் சொன்னார்கள். ஒருவர் அழுதுகொண்டே சொன்னார், அது இன்னும் மோசம். ஆறு மாதம் கோவிலுக்குப் போகவில்லை. அப்பா ஒன்றும் கேட்கவில்லை. முதல் நாள் காலையில் மண்வெட்டியை எடுத்து என் பக்கம் சாய்த்து வைத்துவிட்டுப் போனார். ரொம்ப நாளைக்கு அதைத் தண்டனை என்றுதான் நினைத்திருந்தேன். பிறகு டீச்சரம்மா வீட்டுக்கு வந்து, "நீ பொய் சொல்லல, அவசரப்பட்டுட்ட, அவ்வளவுதான்" என்றார். அவர் சொன்ன பிறகுதான் மறுபடி பெஞ்சில் போய் உட்கார முடிந்தது. திரும்பி வந்த பிள்ளை உங்கள் சபையில் இருந்தால் அந்த வசனத்தைச் சொல்லாதீர்கள், சொல்ல ஏற்கெனவே ஆள் இருப்பார்கள். வீட்டுக்குப் போய் டீ குடியுங்கள்.

டிரைவர் வேலைதான் என் அழைப்பா என்று தம்பி கேட்டான், பர்லியாறு வளைவு ஒன்றில் லாரிக்கு வழிவிட்டு நிற்கும்போது. உண்மையைச் சொன்னேன்: எனக்கு அப்படிப் பெரிய சொல் எதுவும் தோன்றுவதில்லை, லோடு தாமதமானால் எரிச்சல்தான் வருகிறது. ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு யாருக்காவது பிரசவ வலி என்றால் பாலாடாவில் முதல் போன் எனக்குத்தான் வரும், கேரட் மூட்டையை இறக்கி வைத்துவிட்டுப் போவேன். இதுவரை ஒரு தடவைகூட யோசித்ததில்லை. நோட்டில் எழுதினால் அதைத்தான் எழுதுவேன்.

தம்பி இப்போது கல்லூரிக்குப் போகிறான், நோட்டு எழுதுகிறான் என்று சொல்கிறான், எனக்கு முழு நம்பிக்கை இல்லை. சனிக்கிழமை தோறும் நாலு மணிக்குக் கேரட் கழுவ வருகிறான், சம்பளத்துக்குத்தான். உனக்கும் பேசவேண்டும் என்றால் அந்த நேரத்துக்கு வா, காதில் மப்ளரும் கையில் ரப்பர் கிளவுஸும் போட்டுக்கொண்டு வா, போன தடவை அவன் வெறுங்கையோடு தொட்டியில் கைவிட்டு அரைமணி நேரம் ஒன்றும் பேச முடியாமல் நின்றான்.